நலவாழ்வுப் பகுதி: கால் காக்கும் ஆராய்ச்சி



ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவர்க்கு முதல் துணை கால்களே. நாகர்கோவிலிலிருந்தும், தென்காசியிலிருந்தும், அதற்கும் வடக்கிலிருந்தும் வந்து கழக்கூட்டத்தில் குடியமர்ந்திருக்கும் நம் குடும்பங்களைப் பாருங்கள். சிலர் டெக்னோபார்க்கில் கணிப்பொறி முன்பு பொழுதெல்லாம் அமர்ந்திருக்கின்றனர். சிலர் சாரத்தின் மீது நின்று பிறருக்கு வீடு கட்டுகின்றனர். சிலர் காலை முதல் இரவு வரை கடையில் நின்றபடியே வாணிகம் நடத்துகின்றனர். அமர்ந்திருப்பவர் காலை மறந்துவிடுகின்றார். நின்றிருப்பவர் காலைத் தேய்த்துவிடுகின்றார். இருவரும் அதன் அருமையை உணர்வது அது நோகத் தொடங்கிய பின்னரே. ஆகவே இத்திங்கள் கால்களின் இரத்தக்குழாய்களில் உண்டாகும் அடைப்பு நோயைப் பற்றியும், அதற்குச் சிகிச்சை காண நடந்துவரும் ஆராய்ச்சிகளைப் பற்றியும் எழுத எண்ணினோம்.

நஞ்சை வைத்திருந்த குடும்பத்தார்க்குக் கடைமடை என்பதை விளக்க வேண்டுவதில்லை. குளத்தில் நீர் நிறைந்திருக்கும், மடையும் திறந்திருக்கும், எனினும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தலைமடைக்காரன் வயல் விளையும், கடைமடைக்காரன் பயிர் கருகும். மனித உடலுக்குக் கால்விரல்களே கடைமடை. இதயம் நன்றாக இயங்கினாலும், தொடையிலும் முழங்காலின் கீழும் ஓடும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிவிட்டால், பாதத்திற்குச் செல்லும் இரத்தம் குறைந்துபோகின்றது. இதனை மருத்துவர்கள் புற இரத்தக்குழாய் நோய் என்பர். 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். அதற்கு முந்திய பத்தாண்டில் அத்தொகை ஏறத்தாழக் காற்பங்கு பெருகியிருந்தது.

நோயின் முதல் அடையாளம் நடையில் தெரியும். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து இழுப்பது போன்ற வலி எழும். நின்றால் சில நிமிடங்களில் தணியும். மீண்டும் நடந்தால் அதே தூரத்தில் மீண்டும் எழும். நம் வீட்டுப் பெரியவர்கள் இதை வாயு என்றும் வயது என்றும் சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்துவர். நோய் முற்றினால் படுக்கையிலும் வலி வரும். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் சற்று ஆறுதல் உண்டாகும். அதன்பின் விரல் நுனியில் ஒரு சிறு புண் தோன்றி ஆறாமல் நிற்கும்; பிறகு விரல் கறுக்கும். நீரிழிவு உள்ளவர்க்கோ நரம்புகள் மரத்துப்போவதால் வலி என்னும் முன்னறிவிப்பே இல்லாமற் போகலாம். அவருக்குப் புண்தான் முதற் செய்தி.

நம்மவர்க்கு இஃது அயலார் நோயன்று. சென்னை மாநகரில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட பெரியவர்களில் 100க்கு 3.2 பேருக்கு இந்நோய் இருந்ததைக் காட்டியது. நீரிழிவு உடையோரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அது 6.3 ஆயிற்று, ஏற்கெனவே நீரிழிவு இருப்பதை அறிந்து வாழ்ந்தவர்களிடையே 7.8 ஆயிற்று. நீரிழிவும், புகைப்பழக்கமும், இரத்தக் கொதிப்பும், முதுமையும் ஒன்று சேரும் இடத்தில் இந்நோய் வந்து குடியேறுகின்றது எனலாம்.

இதனைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது. கைக்குக் கட்டும் இரத்த அழுத்தப் பட்டையையே கணுக்காலிலும் கட்டி, டாப்ளர் என்னும் சிறு ஒலிக்கருவியின் உதவியால் இரண்டிடத்து அழுத்தத்தையும் அளப்பர். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துவரும் எண் சாதாரணமாக 1ஐ ஒட்டி நிற்கும், 0.90 அல்லது அதற்குக் குறைந்தால் அடைப்பு உண்டென்று கொள்வர். 1.40க்கு மேற்பட்டால் குழாய்ச்சுவர் சுண்ணம் படிந்து விறைத்துவிட்டது என்று பொருள். நீரிழிவுக்காரரிடம் இது மிகுதி. ஊசியின்றி, வலியின்றி, கால் மணி நேரத்தில் முடியும் இச்சோதனையை, ஐம்பது வயது கடந்த நீரிழிவுக்காரரும் நெடுநாள் புகைத்தவரும் தாமாகவே கேட்டுச் செய்துகொள்வது நன்று.

இனிச் சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்நோய் முற்றியவர்க்குப் பெரும்பாலும் காலைத் துணிப்பதே கதியாக இருந்தது. 1948இல் பாரிஸ் நகரில் ஜான் குன்லின் என்னும் அறுவை மருத்துவர், நோயாளியின் காலிலிருந்தே நீண்ட சிரை ஒன்றை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழுமாக இணைத்து இரத்தத்திற்குப் புதுவழி அமைத்தார். தூர்ந்த வாய்க்காலின் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டிய கதைதான் அது. பின்னர் 1964 ஜனவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியல் மருத்துவரிடம் 82 வயதான மூதாட்டி ஒருவர் வந்தார். விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்று மற்றவர் கூறியதை அவ்வம்மையார் ஏற்க மறுத்துவிட்டார். டாட்டர் கத்தியைத் தொடவில்லை. மெல்லிய குழல்களை இரத்தக்குழாயினுள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்திக் குறுகிய இடத்தை விரித்தார். புண் ஆறிற்று; அம்மையார் இறக்கும் வரை தம் காலாலேயே நடந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1974இல், சூரிக் நகரத்து ஆந்திரியாஸ் குருண்ட்சிக் சிறு பலூனைக் குழாயினுள் ஊதி விரிக்கும் முறையைக் கால் தமனியிற் செய்து காட்டினார். இதயத்திற்குச் செய்யும் பலூன் சிகிச்சையை இன்று யாவரும் அறிவர். அது முதலிற் பழகிய இடம் கால் என்பதைப் பலர் அறியார்.

ஆக, இரண்டு வழிகள் பிறந்தன: ஒன்று சிரை கொண்டு புதுவழி அமைக்கும் அறுவை, மற்றொன்று உள்ளிருந்தே திறக்கும் பலூன். எது மேல்? இக்கேள்விக்கு விடை ஒரு மருத்துவரின் அனுபவத்திலிருந்து வாராது. தமக்கு நன்கு கைவந்த முறையையே அவரவர் மேலானது என்பர். இவ்விடத்தில்தான் முறையான மருத்துவ ஆராய்ச்சி வேண்டப்படுகின்றது. ஒரே தன்மையுள்ள நோயாளிகளை, அவர்தம் சம்மதத்தின் பேரில், சீட்டுக் குலுக்குவது போலப் பாரபட்சமின்றி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு சிகிச்சையும் மறுபிரிவுக்கு மற்றதும் அளித்து, ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கணக்கெடுப்பதே அம்முறை.

அண்மையில் இவ்வகையிலே இரண்டு பெரும் ஆராய்ச்சிகள் ஆறு மாதத்துக்குள் அடுத்தடுத்து வெளியாயின. 2022 நவம்பரில் வெளியான முதலாவது, அமெரிக்கா முதலிய நாடுகளில் 1,830 நோயாளிகளைக் கொண்டு நடந்தது. நல்ல சிரை உள்ளவர்களிடையே, காலுக்குப் பெருங்கேடோ மரணமோ நேர்ந்தது அறுவைப் பிரிவில் 100க்கு 42.6; பலூன் பிரிவில் 57.4. எனவே அறுவையே மேல் என்று பலர் எண்ணினர். 2023இல் வெளியான இரண்டாவது, பிரிட்டன், சுவீடன், டென்மார்க்கு ஆகிய நாடுகளில் 345 பேரிடம் நடந்தது. அங்கே முழங்காலின் கீழுள்ள குழாய்களிலும் சீரமைப்பு வேண்டியிருந்தவர்களையே சேர்த்தனர். அதில் காலிழப்போ மரணமோ அறுவைப் பிரிவில் 100க்கு 63. பலூன் பிரிவில் 53. விடை தலைகீழாயிற்று!

இதைக் கண்டு, டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்லுகின்றனர் என்று நாம் சலித்துக்கொள்ளலாகாது. இரண்டிலும் சேர்ந்த நோயாளிகள் ஒரே தன்மையர் அல்லர். அடைப்பு இருந்த இடமும் வேறு. முதல் ஆராய்ச்சியிலேயே நல்ல சிரை இல்லாதவரைத் தனியே பார்த்தபோது, இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, உன் காலின் படத்தைப் பார், உன் சிரையின் தரத்தைப் பார், உன் வயதையும் மற்ற நோய்களையும் பார், பிறகு முடிவு செய் என்பதே இவ்விரண்டும் சேர்ந்து கூறும் பாடம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலூன் வைத்தார்களே, எமக்கு மட்டும் ஏன் அறுவை என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே மறுமொழி.

ஆராய்ச்சி தன்னைத் தானே திருத்திக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. பலூனின் மேற்பரப்பில் பாக்ளிடாக்செல் என்னும் மருந்தைப் பூசினால் திறந்த வழி மீண்டும் அடைபடுவது குறைந்தது. ஆனால் 2018 டிசம்பரில், பல ஆராய்ச்சிகளின் கணக்குகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, அம்மருந்து பெற்றவரிடையே சில ஆண்டுகளுக்குப்பின் மரணம் மிகுதியோ என்ற ஐயத்தை எழுப்பியது. உலகமே திடுக்கிட்டது. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. பின் நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து கணக்கெடுத்ததில் ஐயம் உறுதிப்படவில்லை. 2023இல் அதே துறை, மரண அபாயம் மிகுதி என்பதற்குச் சான்று இல்லை என அறிவித்தது. ஐயம் எழுந்தபோது மறைக்காமல் சொன்னதும், சான்று கிடைத்தபோது தயங்காமல் மாற்றிக்கொண்டதும் ஆகிய இரண்டுமே விஞ்ஞானத்தின் நேர்மைக்கு அடையாளங்கள்.

நம் பக்கத்து மக்கள் தனியே அறிய வேண்டிய நோய் ஒன்று உண்டு. புவர்கர் நோய் என்பது அதன் பெயர். 1908இல் நியூயார்க்கில் லியோ புவர்கர் என்பார் விரித்துரைத்தமையால் அப்பெயர் பெற்றது. இது கொழுப்புப் படிவதனால் வருவதன்று. சிறு, நடுத்தர இரத்தக்குழாய்கள் அழன்று, உள்ளே இரத்தம் உறைந்து அடைவதனால் வருவது. முதியவரை விட்டு, பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவரைப் பிடிப்பது. இதன் உயிர்நாடி புகையிலை. பீடி சுற்றும் தொழிலால் எத்தனையோ குடும்பங்கள் உலையேற்றிய திருநெல்வேலிச் சீமைக்கும் தென்காசிக்கும் நாம் உறவினர். அத்தொழிலாளரை நாம் குறை கூறோம். ஆனால் அப்பீடியைப் புகைத்த இளைஞன் ஒவ்வொரு விரலாக இழந்து, பின் காலையும் இழந்து, மனைவியின் கூலியை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். புகையிலையை முற்றிலும் விட்டவர்க்கு இந்நோய் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மட்டும் என்று குறைத்துக்கொண்டவர்க்கு அடங்குவதில்லை. இங்கே குறைத்தல் என்பது விடுதல் ஆகாது.

இந்நோய்க்குப் பலூனும் அறுவையும் பல வேளைகளில் பயன்படுவதில்லை. இணைப்பதற்கு நல்ல குழாய் எஞ்சியிருப்பதில்லை. ஆகவேதான் பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், கொடையாளர்களின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்து வளர்த்த மூல உயிரணுக்களைக் கெண்டைக்கால் தசையிற் செலுத்திப் பார்க்கும் சோதனையை மேற்கொண்டனர். 2017இல் வெளியான இரண்டாம் கட்ட முடிவில் 90 நோயாளிகள் மூன்று பிரிவாக இருந்தனர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 லட்சம் உயிரணுக்கள் என்ற அளவில் பெற்றவர்க்கு வலி தணிவதும் புண் ஆறுவதும் வழக்கமான சிகிச்சை பெற்றவரைவிட மேலாகக் காணப்பட்டன. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2016இல் வரையறையுடனும், 2020இல் விரிவாகவும் இதற்கு அனுமதி அளித்தார். நற்செய்திதான். எனினும் அச்சோதனையில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. இன்ன மருந்து பெறுகிறோம் என்பதும் அவர்களுக்கு மறைக்கப்படவில்லை. ஆதலின் இன்னும் பெரிய, இறுக்கமான சோதனைகள் வேண்டும் என்று எண்ணுவதே முறை. மேலும், அனுமதி பெற்ற ஒரு மருந்தைக் காட்டி, அனுமதியில்லாத மூல உயிரணுச் சிகிச்சைகளைப் பல லட்சம் வாங்கிக்கொண்டு விற்போரும் நாட்டில் உளர். இரண்டையும் பகுத்தறியாமல் ஊரில் உள்ள வயலை விற்றுவிட வேண்டாம் என்று அன்பர்களை எச்சரிக்கின்றோம்.

ஆராய்ச்சி என்றால் அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போக வேண்டுமோ? வேண்டுவதில்லை. கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியே பேருந்தில் சென்றால் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் நிற்கின்றது. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் அளித்த கட்டடத்தில் தோன்றி, 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிலையம் அது. மருத்துவரும் பொறியியலாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கருவி செய்ய வேண்டும் என்பது அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் கண்ட கனவு. அங்கே இதய வால்வு ஒன்றைச் செய்ய முற்பட்டபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதே நிலைத்தது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உடனே அங்காடிக்கு வந்துவிடவில்லை. 306 நோயாளிகளிடம் பொருத்தி ஆண்டுக்கணக்கில் கவனித்த பின்னரே பொதுப் பயனுக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம் அதனைச் செய்தளிக்க முன்வந்தது. அதற்கான தொழிற்கூடம் நம் கழக்கூட்டத்தை அடுத்த தும்பாவிலேயே அமைந்தது. ராக்கெட்டு மட்டுமன்று, இதயத்தின் கதவும் தும்பாவிலிருந்து புறப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வால்வு இதயத்திற்குரியதாயினும் அதன் வரலாறு நம் பொருளுக்கும் பொருந்தும். மூன்று தோல்விகளை ஏற்கும் பொறுமையும், பொருத்திய பின்னும் விடாமல் பின்தொடரும் கடமையும் இல்லையேல் எந்த மருத்துவக் கருவியையும் நம்ப இயலாது. அதே நிலையத்தின் பொதுநல ஆராய்ச்சிப் பிரிவினர், வெளிநாட்டு ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து, நீரிழிவைத் தடுக்க முடியுமா என்று இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தனர். அயலவரே குழுவுக்குத் தலைவராக இருந்து உணவையும் நடையையும் மாற்ற உதவினர். இரண்டாண்டு முடிவில் நீரிழிவு கண்டவர், உதவி பெற்ற பிரிவில் 100க்கு 14.9, மற்றப் பிரிவில் 17.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடும் என்பதை 2018இல் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் ஒளிக்காமற் கூறினர். ஆயினும் மது குறைந்தது. காயும் கனியும் உண்பது கூடிற்று. கால் இரத்தக்குழாயைக் காக்கும் போர் மருத்துவமனையில் அன்று, அடுக்களையில் தொடங்குகின்றது என்பதற்கு இது சான்று. பொதுவிடத்திற் புகைப்பதை நாட்டிலேயே முன்னோடியாக 1999 ஜூலையில் தடைசெய்து தீர்ப்பளித்ததும் இம்மாநில உயர்நீதிமன்றமே என்பதை இங்கே நினைவூட்டுகின்றோம்.

இப்பொழுது நம் பகுதிக்கு வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘அப்பாவின் கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் சேரலாம் என்று கூறிப் பல பக்கங்கள் கொண்ட தாளைக் கொடுத்தனர். அது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அப்பாவுக்குத் தமிழன்றி வேறு எழுத்துத் தெரியாது. கையெழுத்து இடலாமா?’ என்று ஓர் அன்பர் வினவுகின்றார்.

இடலாம் என்றோ இடலாகாது என்றோ நாம் சொல்லப்போவதில்லை. படித்து விளங்கிக்கொள்ளாமல் இடலாகாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவோம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகள், ஒப்புதல் பத்திரம் சோதனைக்கு உட்படுபவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றன. கேரளத்தில் நடக்கும் சோதனை ஆதலால் மலையாளம் போதும் என்று யாரும் கூற இயலாது. மொழி மாநிலத்தைப் பொறுத்ததன்று, நோயாளியைப் பொறுத்தது. அவர் எழுதப் படிக்க அறியாதவரானால், விளக்கம் முழுவதும் நடக்கும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கடைத்தெருவிலும் பேருந்திலும் பேசிப் பழகிய மலையாளம் வேறு. மருந்தின் தீங்கை விளக்கும் மலையாளம் வேறு. பேசத் தெரியுமே என்று கூச்சத்தால் தலையாட்டிவிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. விருந்தினர் வீட்டில் அது பண்பாக இருக்கலாம். இவ்விடத்தில் அது தீங்கு.

ஆகவே கையெழுத்திடுமுன் பின்வருவனவற்றைக் கேளுங்கள். ஒன்று: தமிழ்ப் பத்திரம் எங்கே? இரண்டு: இந்த ஆராய்ச்சியிற் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? மூன்று: எந்தப் பிரிவில் சேர்வது என்பது குலுக்கலில் முடிவாகுமா? மருந்தில்லா மாத்திரை பெறும் பிரிவும் உண்டா? நான்கு: தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவர்? சோதனையால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு உண்டென அவ்விதிகளே கூறுகின்றன. ஐந்து: இடையில் விலகலாமா? எப்பொழுது வேண்டுமாயினும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது. ஆறு: இந்தச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? 2007இல் தொடங்கி 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிக் கணிப்பொறியிற் பார்க்கலாம். டெக்னோபார்க்கில் பணிபுரியும் பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிட வேலை. நெறிமுறைக் குழு என ஒன்று ஒவ்வொரு சோதனைக்கும் உண்டு. அதன் முகவரியும் தொலைபேசி எண்ணும் பத்திரத்தில் இருக்கும். புதுமருந்துச் சோதனை என்று சொல்லி அம்மருந்துக்கே உங்களிடம் பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் நேரிய விடை கிடைத்தபின் பெரியவர் தாமே விரும்பிச் சேர்வாராயின், அதனைத் தடுக்க வேண்டாம். நாம் இன்று பெறும் ஒவ்வொரு மருந்தும், முன்னொரு நாள் முகமறியா ஒருவர் சம்மதித்து உட்கொண்டதனால் வந்ததே. இரண்டு பெரும் ஆராய்ச்சிகளில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் காலைப் பணயம் வைத்துப் பிறர் காலுக்கு வழி காட்டினர். அது தருமம். ஆனால் தருமம் அறிந்து செய்வது; அறியாமற் செய்விக்கப்படுவது தருமம் ஆகாது.

எந்தச் சோதனையிலும் சேராமலே, பணச்செலவும் இல்லாமலே செய்யத்தக்க சிகிச்சை ஒன்று உண்டு. பல ஆராய்ச்சிகளில் தேறியது அது. அதன் பெயர் நடை. கெண்டைக்கால் வலி வரும் வரை நடப்பது; வலித்ததும் நின்று ஆறுவது; ஆறியதும் மீண்டும் நடப்பது. இவ்வாறு ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளேனும், குறைந்தது 12 வாரம் செய்து வந்தால், வலியின்றி நடக்கும் தூரம் வளர்கின்றது. தூர்ந்த பெருவாய்க்காலுக்குப் பக்கத்தில் சிறு கால்கள் பிறந்து நீர் ஏறுவது போல, பக்கக் குழாய்கள் விரிவதும் தசை திறம்படப் பழகுவதும் இதற்குக் காரணம் என்பர். புண் உள்ளவரும், படுக்கையிலும் வலி உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கலாகாது.

இல்லத்தரசியர்க்கு ஒரு வேண்டுகோள். இரவில் படுக்குமுன் வீட்டிலுள்ள நீரிழிவுக்காரரின் இரு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, விளக்கொளியில் பாருங்கள். மாமனாரின் காலைத் தொட்டுப் பார்ப்பதில் கூச்சம் இருந்தால் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீர்ப் பையை மரத்த காலில் வைக்காதீர். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். காலாணியைப் பிளேடினால் சீவாதீர். மழைக்கால ஈரத்தில் வெறுங்காலுடன் நடக்கவிடாதீர். ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, கடுமையாக வலித்து, மரத்துப்போனால் அது விடியும் வரை காத்திருக்கும் நோயன்று. ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைய வேண்டும். ஆறாத புண் இரண்டு வாரம் நின்றால், காலைத் துணிக்க வேண்டும் என்று யாரேனும் சொல்வதற்கு முன்பே, இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். திருவனந்தபுரத்திலும் அத்தகையோர் உளர்; விடுமுறைக்குச் சென்னை செல்வோர்க்கு அங்குள்ள அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே உண்டு.

நம் சங்கத்தாருக்கும் ஒரு சொல். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடி மகிழ்கின்றோம், நன்று. இரு மொழியும் படிக்க வல்ல இளைஞர் நால்வர், தமிழ் மட்டும் அறிந்த முதியவரோடும் கட்டடத் தொழிலாளரோடும் மருத்துவமனைக்குச் சென்று, தாளைப் படித்துச் சொல்லி, சாட்சியாக நிற்க முன்வருவாராயின் அதுவும் தமிழ்த்தொண்டே. பெயர் கொடுக்க விரும்புவோர் மாதக் கூட்டத்தில் செயலாளரைக் காண்க.

அடுத்த திங்கள் நீரிழிவுக்காரரின் கண்களைப் பற்றி எழுதுவோம். அதற்குள் வீட்டுப் பெரியவரின் கணுக்கால் அழுத்தத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பீடிக்கட்டு ஏதேனும் சட்டைப்பையில் இருக்குமாயின், அதனை இன்றே எடுத்து எறியுங்கள்.